கைதானவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பயங்கரவாத வழக்குகளில் பாயும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் (உபா) 2016 முதல் 2019 வரை 5,922 பேர் கைது, 132 பேருக்குத் தண்டனை என்று உள்துறை அமைச்சகம் 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் பதிலளித்தது. இந்த இரண்டையும் வகுத்து, ‘நூற்றுக்கு இரண்டு பேர்தான் குற்றவாளி’ என்று பலரும் எழுதிவருகிறார்கள். அது தப்புக் கணக்கு. அந்த 132 பேரில் பலர் 2016க்கு முன்பே கைதானவர்களாக இருக்கலாம். 5,922 பேரில் பெரும்பாலோருக்கு அப்போது விசாரணையே முடிந்திருக்காது.

எழுதுபவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கைது, தண்டனை, நிலுவை என்று தனித்தனியாகத்தான் அடுக்குகிறது. ஓர் ஆண்டில் கைதானவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் அட்டவணை கிடையாது. ஒரே எப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுவதால், கொலையும் உபாவும் சேர்ந்த வழக்கு கொலைக் கணக்கில் போய்விடும். போதாக்குறைக்கு, 2023ஆம் ஆண்டு அறிக்கை 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்தது.

கேரள உபா வழக்கு ஒன்றில் 2015இல் கைதானவருக்குக் கிடைத்த ஜாமீனை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்குள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறை. இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. அரசின் அட்டவணையில் இவர் 2015இன் கைது எண்ணிக்கையில் ஒருவர், அவ்வளவுதான். அதன்பின் நிலுவை என்ற மொத்தத்தில் கரைந்துபோகிறார். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் தருகிற, ஜாமீனை அரிதாக்குகிற சட்டத்தில், சிறையில் கழிந்த காலத்தைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

பிரிட்டன் உள்துறை 2001 செப்டம்பர் 11 முதலான பயங்கரவாதக் கைதுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. கைதானவர்களில் எத்தனை பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, எத்தனை பேர் அப்படியே விடுவிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்பது கைதான ஆண்டுவாரியாக அதில் இருக்கிறது. அங்கேயும் போலீஸ் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது. யார் பெயரையும் வெளியிடாமலே இதைச் செய்கிறார்கள்.

நம்மிடமும் தகவல் இல்லாமல் இல்லை. எப்.ஐ.ஆர். கணினியில் ஏறுகிறது, நீதிமன்ற வழக்குக்குத் தனி எண் இருக்கிறது. இரண்டையும் இணைக்கத்தான் மனம் வேண்டும். நம் எம்.பி.க்களும் ‘எத்தனை பேர் கைது’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், 2018இல் உபாவில் கைதான 1,421 பேரில் எத்தனை பேர் விடுதலை, எத்தனை பேர் இன்னும் சிறையில் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்