இலையான் படம் அனுப்பிய எல்லாருக்கும் நன்றி

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து கைத்தொலைபேசியில் இலையான் படம் எடுத்து, அது எந்த இனம் என்று அறிய எங்களுக்கு அனுப்பியவர்களுக்கு,

வணக்கம். "இலையானுக்கும் பேர் பார்க்கிறதோ?" என்று கேட்டுச் சிரித்தபடியே அனுப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

குச்சவெளிப் பக்கம் கருவாடு காயவைக்கும் அக்காமாருக்கு முதல் நன்றி. மீனில் மொய்த்த நீலப்பச்சை இலையானை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என்று மூன்று படமாக எடுத்தீர்கள். மேற்படம் மட்டும் வந்திருந்தால் "மினுங்கும் இலையான்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதியிருக்க முடியாது. முகப்படத்தில் தோடம்பழ நிறக் கன்னம் தெரிந்தது. ஆணின் கூட்டுக்கண்ணில் மேல்பாதிச் சில்லுகள் பெரிதாகவும் கீழ்ப்பாதிச் சில்லுகள் பொடியாகவும், நடுவே கோடு கீறிப் பிரித்ததுபோல் இருந்தன. பக்கப்படத்தில், தலைக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சிலுள்ள மூச்சுத்துளை கருங்கபிலம். அது வெளிறியிருந்தால் கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற நெருங்கிய இனத்தின் பக்கம் போயிருப்போம். கருங்கபிலமாக இருந்ததால்தான் கிரைசோமியா மெகாசெபலா என்று துணிந்து எழுதினோம். உப்புக் குறைந்து, மப்பு நாளில் ஈரம் வற்றாமல் கிடக்கும் மீனைத்தான் இது தேடி முட்டையிடும்.

தம்பலகாமத்துத் தோட்டக்காரர்களுக்கும் நன்றி. பாவற்காயில் இருந்ததும் மாம்பழத்தில் இருந்ததும் ஒரே இலையான் என்றுதான் பலர் நினைத்திருந்தீர்கள். முதுகில் மஞ்சள் கோட்டை எண்ணினால் போதும். ஓரங்களில் இரண்டு, நடுவில் ஒன்று என மூன்றிருந்து, இறக்கை நுனியில் கரும்புள்ளியும் இருந்தால் பாவற்காய்க்காரன், சூகோடேகஸ் குக்குர்பிட்டே. நடுக்கோடு இல்லாமல் வயிற்றில் 'டீ' எழுத்துப் போலக் கறுப்பு இருந்தால் மாம்பழக்காரன், பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் கூட்டம். கூட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையிலேயே இருக்கும் பாக்ட்ரோசெரா காண்டியென்சிஸ் இதற்குக் கிட்டத்தட்ட இரட்டைப்பிள்ளை. 1994 இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. ஒரு படத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது சூதாட்டம். அதனால், படத்தோடு நிற்காமல் 70 வீத அற்ககோலில் இலையானையும் போட்டுவைத்துத் தந்த ஐயாவின் குட்டிப் போத்தல் எங்களுக்குப் பெரிய உதவி. இன்னொன்று: கூட்டுப்புழு ஓட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இலையான் வெளிறியே இருக்கும். நிறம் ஏறும்வரை அதன் கோடுகளை நம்பவேண்டாம்.

கூட்டெருக் குழிகளில் "கறுப்புக் குளவி" பிடித்த பிள்ளைகளே, அது குளவியில்லை, ஹெர்மேஷியா இல்லுசென்ஸ் என்ற இலையான். குளவிக்குப்போல இரண்டு சோடியில்லை, இறக்கை ஒரு சோடிதான். வயிறு தொடங்கும் இடத்தில் கண்ணாடிபோல் இரண்டு சன்னல், பாதங்கள் வெள்ளை. "உணர்கொம்பு நீளமென்றால் குளவி" என்ற எங்கள் சுருக்கவிதி இதனிடம் தோற்றுப்போனது. அதைக் காட்டித்தந்ததற்கும் நன்றி.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கமரா இல்லை, வெளிச்சம். மினுங்கும் முதுகில் பிளாஷ் நேரே பட்டால் வெள்ளைப் பொட்டு விழுந்து கோடெல்லாம் மறைந்துவிடும். பிளாஷின் மேல் டிஷ்யூத் தாளை ஒற்றையாக ஒட்டியவர்களின் படங்கள் முதல் பார்வையிலேயே வேறாகத் தெரிந்தன. திரையை விரித்துப் பெருப்பிக்காமல், கிட்டப் போய் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பினீர்கள். இறக்கை நரம்பு கரையாமல் வந்தது அதனால்தான். போத்தலில் பிடித்து ஐந்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தெடுத்தவர்களும் சரியாகத்தான் செய்தீர்கள். அதற்கு மேல் குளிரவிட்டால் போத்தலுக்குள் வியர்த்து இறக்கை ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் பிழையைத் திருத்திய பூச்சியியல் ஆசிரியருக்குத் தலைவணங்குகிறோம். "வீட்டு இலையான்" என்று நாங்கள் எழுதிய படத்தில் இறக்கையின் நான்காம் நரம்பு நேராக ஓடியது. வீட்டு இலையானில் அது நுனிக்கு அருகில் சட்டென மேலே மடங்கும். படத்தில் இருந்தது ஃபேனியா என்ற வேறொரு இலையான்.

சாம்பல் நிறத்தில், நெஞ்சில் மூன்று கறுப்புக் கோட்டுடன் வயிற்றில் சதுரங்கக் கட்டம் போட்ட இலையான்களை அனுப்பியவர்கள் கோபிக்கவேண்டாம். 'சார்கோபேகா வகை' என்பதோடு நிறுத்திவிட்டோம். ஆணின் இனவுறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் அதற்கு மேல் போகமுடியாது.

கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் இலையில் நின்ற நெட்டைக்கால் பச்சை இலையான், டோலிகோபோடிடே குடும்பம். படத்தில் இறக்கை மடிந்து கிடக்கிறது. அனுப்பிய தங்கச்சியிடம் அதே நாளில் எடுத்த வேறு படம் இருந்தால், மங்கலானாலும் பரவாயில்லை, அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
படங்களுக்குப் பெயர் தேடியவர்கள்
திருகோணமலை