ஐரோப்பாவின் மாமா

ஐயா,

ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு பற்றிய கட்டுரை படித்தேன். 'ஐரோப்பாவின் மாமா' என்ற பட்டப்பெயரை வைத்துக்கொண்டு, அவருடைய ராஜதந்திரமெல்லாம் உறவுமுறையால் வந்தது என்று எழுதியிருப்பது பொருந்தவில்லை.

1903 மே மாதம் அவர் பாரிஸில் இறங்கியபோது கூட்டத்தில் சிலர், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட போயர்களை வாழ்த்திக் கோஷம் போட்டார்கள். ஊர் திரும்பும்போது அதே நகரம் அவரையே வாழ்த்தியது. மறு ஆண்டு ஏப்ரல் 8-ல் பிரிட்டன், பிரான்ஸ் உடன்படிக்கை. (கையெழுத்திட்டவர்கள் அமைச்சர் லான்ஸ்டவுனும் தூதர் காம்போனும், மன்னர் இறுக்கத்தைத் தளர்த்தினார், அவ்வளவுதான்.) பிரான்சோ குடியரசு. அங்கே ஆட்சியில் அவருக்கு மாமன் மச்சான் யாரும் இல்லை! சொந்த அக்கா மகன், ஜெர்மனியின் கைசர் வில்ஹெல்மோடுதான் கடைசிவரை ஒட்டவில்லை.

உறவுமுறை போரையும் தடுக்கவில்லை. 1914 ஜூலைக் கடைசியில், உறவினர்களான கைசரும் ரஷ்ய ஜார் நிக்கோலஸும் 'வில்லி', 'நிக்கி' என்று செல்லப்பெயரில் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. 1917-ல் பதவியிழந்த ஜார் குடும்பத்துக்கு அடைக்கலம் தரத் தயங்கியவர் எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜ். ஜாருக்கு அவர் பெரியம்மா மகன்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்