யாரோடு பேசுவது என்பதைத் தொழிலாளிதான் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'சங்கம் வந்தால் ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விடும்' என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருப்பார்கள்? நான் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் நிர்வாகத்தின் பக்கம். அம்பத்தூரிலும் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பணியாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

ஒரு தொழிற்சாலையில், பெரும்பான்மைச் சங்கத்தை ஒதுக்கிவிட்டு, நிர்வாகமே ஆள் பொறுக்கி ஒரு குழு அமைத்து, சமரச அலுவலர் இல்லாமல் நேரடியாகச் செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தம் போட்டது. அன்று நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. மற்றவர்கள் கேன்டீனைப் புறக்கணித்தார்கள், ஓவர்டைம் பார்க்க மறுத்தார்கள், உற்பத்தி படுத்தது. கடைசியில் லேபர் ஆபீசில், சமரச அலுவலர் முன்னிலையில், அதே சங்கத்தோடு 12(3) ஒப்பந்தம் போட்டோம். அது எல்லாத் தொழிலாளரையும், பின்னால் வேலைக்குச் சேருபவரையும்கூடக் கட்டுப்படுத்தியது. எங்களோடு இரவு வெகுநேரம் மல்லுக்கு நின்ற சங்கத் தலைவர் மறுநாள் கேட் மீட்டிங்கில் ஒவ்வொரு ஷரத்தையும் படித்து, இன்சென்டிவ் ஏன் கேட்ட அளவு வரவில்லை என்று விளக்கினார். கூட்டத்தில் அவரைத் திட்டியவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஒப்பந்தம் காலம் முடியும்வரை நின்றது. நிர்வாகம் நியமித்த குழுவில் எவராலும் அந்தக் கூட்டத்தின் முன் நின்றிருக்க முடியாது.

'வெளியாட்கள் ஏன் தலையிட வேண்டும்?' என்று அடுத்துக் கேட்பார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவரான பி. பி. வாடியாவும் மில் தொழிலாளி அல்ல, தோள் கொடுத்த திரு.வி.க.வும் அல்ல. உள்ளிருந்து பேசுகிறவனின் வேலையைப் பறித்துவிடலாம், வெளியிலிருந்து வருபவரிடம் அது நடக்காது என்பதே காரணம். அதனால்தான் மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். நிர்வாகம் மட்டும் வக்கீலையும் ஆலோசகரையும் வெளியிலிருந்து தாராளமாக அழைத்து வருகிறதே!

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரம் நீடித்தது. ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் முட்டுக்கட்டை விழுந்தது சங்கத்தின் பதிவிலும், அதைப் பேச்சுவார்த்தைக்கு உரிய சங்கமாக நிர்வாகம் ஏற்கும் அங்கீகாரத்திலும்தான். பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆனது. அங்கீகாரத்துக்கு மகாராஷ்டிரம் 1971லும் கேரளம் 2010லும் சட்டம் செய்தன. தமிழ்நாடு செய்யவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளது. வேலைநிறுத்தத்துக்கு அது போட்டிருக்கும் கட்டுப்பாடுகளை நான் ஏற்கவில்லை. பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவ் எடுத்தாலே வேலைநிறுத்தம் என்பது கொடுமை. ஆனால் இந்த ஒரு ஏற்பாட்டை வரவேற்கிறேன். பல சங்கங்கள் உள்ள இடத்தில், மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 விழுக்காட்டினர் ஆதரிக்கும் சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டும். அந்த ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதைச் சட்டம் அரசு வகுக்கும் விதிகளுக்கு விட்டுவிட்டது.

என் கவலை அங்கேதான் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலைக் கொண்டுவா என்றால், யார் எந்தச் சங்கம் என்பது அன்று மாலையே நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பட்டியல்கள் என் மேசைக்கும் வந்ததுண்டு. அடுத்த மாதம் யாருக்கு இடமாற்றம், யாருக்கு ஷோகாஸ் நோட்டீஸ் என்று அதைப் பார்த்து முடிவு செய்தவர்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். ரகசிய வாக்கெடுப்பு ஒன்றே வழி. அதைத் தொழிலாளர் துறை அதிகாரி நடத்த வேண்டும், ஆலை மேலாளர் அந்தப் பக்கமே வரக்கூடாது. விண்ணப்பித்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று கெடுவும் வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் பெயர் கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில்தான் இருக்கும். அசெம்பிளி லைனில் அதே வேலையைச் செய்கிறவருக்கு இந்த வாக்கு இல்லாமல் போனால், 51 விழுக்காடு என்பது ஷெட்டில் பாதிப் பேரை விட்டுவிட்டு எண்ணிய கணக்காகிவிடும். அவர்களையும் சேர்க்க என்ன வழி என்பதைத் தமிழக அரசு தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசித் தன் விதிகளில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்,
அம்பத்தூர்.