மார்கழியில் வெட்டிய மண்ணுக்குச் சித்திரையில் வந்த கூலி: தாமத இழப்பீடு கோரி மனு

அனுப்புநர்:
நூறு நாள் வேலை செய்யும் பெண்கள் 34 பேர்
(ஊர், ஊராட்சி விவரம் இணைத்துள்ள வேலை அட்டை நகல்களில் இருக்கிறது)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

நாள்: 16-06-2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டம் – கூலி தாமதத்துக்கான இழப்பீடு, விடுபட்ட வருகைப் பதிவு, வேலை கேட்கும் மனுவுக்கு ரசீது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் உதவித்தொகை கேட்டு வரவில்லை. செய்து முடித்த வேலைக்கு எங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி கொஞ்சம் இருக்கிறது, அதைக் கேட்க வந்திருக்கிறோம்.

சென்ற மார்கழியில் எங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரினோம். அந்தக் கூலி வங்கிக் கணக்கில் ஏறியது சித்திரைக் கடைசியில். மத்திய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்றார்கள். அது உண்மைதான். தமிழ்நாட்டுக்குக் கூலி நிலுவை 1,056 கோடி ரூபாய் இருக்கிறது, விடுவியுங்கள் என்று முதலமைச்சரே ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊராட்சியில் இருப்பவர்கள் மேல் அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் கூலி வராத அந்த நாலு மாதமும் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

மனு எழுதுகிற என் கணக்கையே சொல்கிறேன். 18 நாள் போனேன். அப்போது நாள் கூலி 319 ரூபாய் என்றாலும், ஓவர்சீயர் அளந்த அளவுக்கு 280 ரூபாய்தான் விழுந்தது. ஆக 5,040 ரூபாய். பொங்கலுக்கு முன்னால் வந்துவிடும் என்று நம்பி, மளிகைக் கடை பாக்கிக்கும் மகளின் விடுதிச் செலவுக்கும் 5,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினேன். மாதம் 500 ரூபாய் வட்டி. நாலு மாதத்தில் 2,000 ரூபாய் கட்டியும் அசல் அப்படியே நின்றது. கூலி ஏறிய அன்றே எடுத்துப் போய் அசலை அடைத்தேன். கையில் மிஞ்சியது 40 ரூபாய்.

பத்து வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்கும் தெரியும். சரி, கடன் கொடுத்தவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த மார்கழிக்கு யாரிடம் போவது?

வேலை உறுதிச் சட்டம் 15 நாளுக்குள் கூலி தரச் சொல்கிறது. தவறினால் 16-ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும். என் 5,040 ரூபாய்க்கு அது நாளைக்கு 2 ரூபாய் 52 காசு, 100 நாள் தாமதத்துக்கு 252 ரூபாய். எங்கள் பாஷையில் சொன்னால் ஒன்றரை வட்டி. ஆக, அரசுக்கு ஒன்றரை வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, அந்தக் குழியை மூட நான் வெளியே பத்து வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். அந்த ஒன்றரை வட்டியும் இன்னும் வரவில்லை. கேட்டதற்கு, மேலிடத்துத் தாமதம் இதில் சேராது என்றார்கள். கூலி தாமதத்தில் மத்திய அரசு தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே 34 பேருக்கும் எத்தனை நாள் தாமதம், எவ்வளவு இழப்பீடு என்று கணக்கிட்டு, ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கணக்கில் ஏற்ற உத்தரவிட வேண்டுகிறோம்.

அடுத்தது போட்டோ விஷயம். வேலை நடக்கும் இடத்தில் காலையிலும் மதியமும் செல்போன் செயலியில் படமெடுத்தால்தான் வருகை ஏறும். ஏரிக்குள் டவர் எடுப்பதில்லை. வைகாசியில் எங்களில் 11 பேருக்கு மூன்று நாள் மதியப் படம் ஏறாமல் போய், நாளே விழவில்லை. மண் வெட்டியது வெட்டியதுதானே? இப்படி நேரும்போது திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் தாங்கள் கைப்பட எழுதிய வருகையை ஏற்றுச் சரிசெய்யலாம் என்று அறிகிறோம். பணித்தளப் பொறுப்பாளர் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது.

அப்புறம், வேலை கேட்டு மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது தருவதில்லை. ரசீது இல்லாவிட்டால், 15 நாளில் வேலை தராததற்கான படியை எந்தத் தேதியிலிருந்து கேட்பது?

நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உட்கார்ந்திருந்தால் ஓவர்சீயர் அளவில் 280 விழுமா? எங்கள் பக்கம் காட்டு வேலைக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் விவசாயக் கூலிக்குப் போனால் பெண்ணுக்கு ஆண் கூலியில் பாதிதான். இங்கே மட்டும்தான் இருவருக்கும் ஒரே கூலி. இது வந்த பிறகு காட்டு வேலைக் கூலியும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேச்சின் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கூலி நாலு மாதம் நின்றால், நிலக்காரர்கள் சொல்கிற கூலிக்கே திரும்பப் போய் நிற்கிறோம். இந்தத் தடவை எங்களில் ஆறு பேர் அப்படித்தான் போனார்கள்.

எல்லோருடைய வேலை அட்டை, பாஸ்புக் நகல்களையும் இணைத்திருக்கிறோம். பதில் அனுப்புவதானால் முதல் நகலில் உள்ள வீட்டு முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். போன மனுவுக்கு வந்த பதில் ஊராட்சி அலுவலக மேசையிலேயே இரண்டு மாதம் கிடந்தது.

இப்படிக்கு,
கையெழுத்தும் கைரேகையும் வைத்துள்ள 34 பேர்