புது மீன், நத்தை வாங்கியவர்கள் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை நம்மில் நிறையப் பேர் கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய் வந்தது நீங்கள் போட்ட படங்களிலேயே தெரிகிறது. தயவுசெய்து பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கட்டுப் பிரிக்காமல் பையை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். அப்புறம் பையைத் திறந்து, 5 நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் சேருங்கள். அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

முடிந்தால் 2 வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள். போன வருடம் இதைச் செய்யாமல் 6 கப்பி மீன்களைத் தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் ஒன்றின் வாலில் உப்புத் தூள் ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பழைய மீன்களில் பாதி போய்விட்டன, இன்னும் மனது ஆறவில்லை.

நத்தை மூடிக்கொண்டு கிடந்தால் செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். நாற்றம் அடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து நத்தைக்கு எமன். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். நத்தை பெருகிவிட்டாலும் ஏரி, குளத்தில் விட வேண்டாம்.

தனித் தொட்டி இல்லாதவர்கள் கேளுங்கள், என்னிடம் 20 லிட்டர் தொட்டி ஒன்று சும்மா இருக்கிறது.