சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவே: பெட்டியோடு மாறுகிறவர்களுக்காக ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்துக்கும், சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் வணக்கம்.

வடக்கேயிருந்து வரும் வண்டி சென்ட்ரலில் வந்து நிற்கிறது. மதுரைக்கும் நெல்லைக்கும் போகிற வண்டி எழும்பூரில் கிளம்புகிறது. இடையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். கைவீசி நடப்பவருக்கு அது தூரமே இல்லை. இரண்டு பெட்டி, ஒரு மூட்டை, தூங்கிப்போன குழந்தை என்று இறங்குகிறவருக்கு, மொத்தப் பயணத்திலும் கடினமான பகுதி இதுதான்.

இந்தப் பிரிவு வந்த காரணம் பழையது. 1873-இல் திறந்த சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் அகலப்பாதை முனையம். 1908-இல் திறந்த எழும்பூர், தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர்கேஜ் நிலையம். இன்று கம்பெனிகளும் இல்லை, மீட்டர்கேஜும் இல்லை. ஆனாலும் அவரவர் வாசல் வரைதான் அவரவர் பொறுப்பு என்ற நிலை மட்டும் மாறவில்லை. வாசலுக்கு வெளியே உள்ள பாதைக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சென்ட்ரலில் தண்டவாளம் முட்டி நிற்பதால் வெளியே வரப் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் 24 பெட்டி வண்டியின் நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல். கடைசிப் பெட்டியில் வந்தவர் அத்தனையும் நடந்தால்தான் முகப்புக்கே வர முடியும். அங்கிருந்து ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் அடியில் சுரங்கப்பாதையில் இறங்கி, மறுபுறம் ஏறினால் பார்க் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் அடுத்த நிறுத்தம்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 'சென்னை பூங்கா' ஒரு நிலையம், 'சென்னை பூங்கா நகர்' வேறொரு நிலையம். முதலாவதுதான் பார்க்; எழும்பூர், தாம்பரம் வழி. இரண்டாவது வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் வழி. அதில் ஏறியவர் அடுத்து இறங்குவது சிந்தாதிரிப்பேட்டையில். நெல்லை வண்டிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் வண்டி போயே போய்விடும். சுரங்கப்பாதைக்குள் இறங்கும் ஒவ்வொரு வாயிலிலும் 'எழும்பூர் செல்ல இந்தப் பக்கம்' என்று தமிழ், இந்தி, ஆங்கிலம், தெலுங்கு, வங்காளம் ஆகிய மொழிகளில் அம்புக்குறியோடு எழுதி வையுங்கள். நிலையத்தின் பெயரைவிட, போகிற ஊரின் பெயர்தான் அவசரத்தில் கண்ணில் படும்.

அடுத்தது படிக்கட்டு. சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும்; மூன்று மீட்டர் ஏற 36 மீட்டர் நீளம் தேவை, திருப்பத்துக்கு இடம் தனி. அதற்கு இடமில்லாத படிக்கட்டுகளில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு வழுவழுப்பான சரிவு போட்டாலே டிராலி பெட்டியை உருட்டிக்கொண்டு போகலாம். பெரிய செலவு இல்லை. பார்வையற்றோருக்கான மஞ்சள் புடைப்பு ஓடுகளில் சின்னச் சக்கரம் சிக்கும். அந்த ஓடுகள் அவசியம், அவற்றைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஒரு சமதளப் பட்டை விட்டால் போதும். லிஃப்ட் பழுதானால் அதன் கதவில் மட்டும் அறிவிப்பு ஒட்டுவதில் பயனில்லை. அங்கே போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். முகப்பிலேயே தெரிய வேண்டும்.

பார்க்கில் மின்சார ரயில் நிற்பது அரை நிமிடம் போல. ரயிலின் தளம் நடைமேடையைவிட உயரம். பெட்டியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தென்மாவட்ட வண்டிகளில் பல மாலைக்கு மேல் கிளம்புவதால், அலுவலகம் விட்டுப் போகிற கூட்டமும் அதே நேரத்தில் ஏறுகிறது. வியாபாரிகள் சரக்கோடு ஏறும் வெண்டர் பெட்டியில் இடம் இருக்கும்போது, முன்பதிவுச் சீட்டு வைத்திருக்கும் லக்கேஜ்காரர்களை அதில் அனுமதியுங்கள். அது நிற்கும் இடத்தை நடைமேடையில் பெயிண்டால் குறியுங்கள்.

கனமான பெட்டிக்கு மெட்ரோதான் நல்லது. சென்ட்ரலிலிருந்து பச்சை வழித்தடத்தில் எழும்பூர் ஒரே நிறுத்தம். ரயில் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம். ஸ்கேனரில்தான் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி வைத்து எடுக்க வேண்டும். தாழ்வான பெல்ட் உள்ள ஸ்கேனர் ஒன்றாவது சென்ட்ரலில் வேண்டும். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மெட்ரோ இல்லை. அந்த நேரத்தில் இரு நிலையங்களுக்கும் இடையே தாழ்தளப் பேருந்து ஒன்று அரை மணிக்கு ஒரு முறை சுற்றி வரப் போக்குவரத்துக் குழுமம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சென்ட்ரலுக்குள் வராமல் பெரம்பூரில் நின்று கேரளப் பக்கம் போகிற வண்டிகளில் வருகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு மட்டுமே அது தெரியும். பெரம்பூரில் கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை. அங்கே நடைமேடை மாற வேண்டும், ஆனால் சாலையைக் கடக்க வேண்டாம். தாம்பரம் வண்டி கடற்கரையிலேயே புறப்படுவதால் பெட்டிகளை நிதானமாக ஏற்றலாம். கோட்டை, பார்க், எழும்பூர் என்று மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கலாம். பெரம்பூரிலிருந்து கடற்கரை போகும் ரயில்கள் சென்ட்ரல் போகிறவற்றைவிடக் குறைவு. ஆகவே அடுத்தது எத்தனை மணிக்கு என்பதைப் பெரம்பூர் அறிவிப்புப் பலகையில் 'எழும்பூருக்கு' என்ற குறிப்போடு காட்டுங்கள்.

முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரு பி.என்.ஆர். எண்களையும் முன்பே இணைத்திருப்பவருக்கு, பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் திரும்பக் கிடைக்கும். 2019 ஏப்ரலில் வந்த விதி. முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். முதல் வண்டி முடியும் நிலையமும் அடுத்தது தொடங்கும் நிலையமும் ஒன்றாகவோ, ரயில்வே ஒன்றாகக் கருதும் நிலையங்களின் ஒரே தொகுப்பிலோ இருக்க வேண்டும். சென்ட்ரல், எழும்பூர், பெரம்பூர், தாம்பரம் ஆகியவற்றில் எவை ஒரே தொகுப்பு என்று முன்பதிவு மையங்களில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு பெயர்க் குழப்பம். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையமும் தண்டையார்பேட்டை ரயில் நிலையமும் ஒரே இடத்தில் இல்லை. நடுவில் பல தெருக்கள். ரயில் நிலையத்தில் இறங்கி மெட்ரோ தேடுகிறவர் பெட்டியோடு அலைய நேர்கிறது. எது எங்கே, எவ்வளவு தூரம் என்று மீட்டர் கணக்கோடு இரண்டு வாசல்களிலும் ஒரு வரைபடம் வையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பெரம்பூர் ரயில் பயணிகள் சிலர்