நெல் லாரி ஓட்டுநர்கள் தொழிலை விட்டுப் போகாமல் இருக்க, கிடங்கு வாசலில் ஓய்விடமும் காத்திருப்புப் படியும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
நெல் லாரி ஓட்டுநர்கள், ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள், விவசாயிகள்,
காவிரி டெல்டா.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: அரசு கொள்முதல் நெல்லை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு ஓட்டுநர் கிடைக்காமை – கிடைத்தவர்களும் நிலைக்காமை – கிடங்கு வாசலில் நாள்கணக்கில் காத்திருக்கும் அவலம் – உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கைக்காக மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு எங்களிடம் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. தங்கள் கவனத்துக்கு அவை வந்தே சேரவில்லை என்றுதான் நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் மறுபடியும் எழுதுகிறோம். தாங்கள் இந்த மாவட்டத்தை நன்கு அறிந்தவர். ரயில்வே கேட்டைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகக் கிடங்குக்குத் திரும்பும் சாலையைத் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். அன்று அந்தச் சாலை காலியாக இருந்தது. அறுவடை நேரத்தில் அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்த மனு.

1. குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வருகிறது. சம்பாவும் தாளடியும் தை, மாசியில். கையறுப்புக் காலத்தில் ஒரு மாதம் பரவி வந்த நெல், இப்போது அறுவடை இயந்திரம் வந்த பிறகு சில நாளில் மொத்தமாகக் களத்துக்கு வந்து குவிகிறது. கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு 40 கிலோ மூட்டையாகத் தைத்து அடுக்கிய நெல்லை அன்றன்றைக்கு ஏற்றி அனுப்பினால்தான் மறுநாள் வரும் விவசாயிக்கு இடம் இருக்கும். லாரி வரவில்லை என்றால் அடுக்கு நகராது. அடுக்கு நகராவிட்டால் விவசாயி தன் நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுத் தார்ப்பாயோடு காவல் இருக்க வேண்டியதுதான். ஐப்பசி மழையில் அந்த நெல் முளைத்து நிற்பதைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

2. லாரி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். லாரி இருக்கிறது ஐயா. எங்கள் ஊர்களில் வீட்டு வாசலிலும் புளியமரத்தடியிலும் வண்டிகள் நிற்கின்றன. ஓட்ட ஆள் இல்லை. அனுபவம் உள்ள ஓட்டுநர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கம் நெடுந்தூர வண்டிக்குப் போய்விட்டார்கள். சிலர் தூத்துக்குடியில் துறைமுகக் கண்டெய்னர் ஓட்டுகிறார்கள். இளைஞர்கள் நகரத்தில் இரு சக்கர வாகனத்தில் டெலிவரி வேலை பார்க்கிறார்கள். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. முன்பணம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும், தங்க வைக்காது. ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தவர் அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கடன் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, இந்த நெல் லோடுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

3. ஏன் இப்படி ஓடுகிறார்கள்? சம்பளம் மட்டும் காரணம் இல்லை. கிடங்கு வாசலில் காத்திருப்பதுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

நெல் லாரி ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு ஒரு மணி நேர ஓட்டம்கூட இருக்காது. ஆனால் கிடங்கு வாசலில் வரிசை நிற்கிறது. உள்ளே இறக்க ஆள் குறைவு, அடுக்க இடம் குறைவு, எடைமேடை ஒன்றுதான். மழை தூறினால் இறக்குவது நின்றுவிடும். இரண்டு நாள், மூன்று நாள், சில நேரம் அதற்கு மேலும் வண்டி அதே இடத்தில் நிற்கும். அத்தனை நாளுக்கும் சேர்த்து அந்த மனிதருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நடைக் கூலி. சாப்பாட்டுச் செலவுக்கே அதில் பாதி போய்விடும்.

அவர் வண்டியை விட்டு நகரவும் முடியாது. லோடு அவர் பொறுப்பு. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நடுராத்திரியில் பத்தடி நகரும், அந்த நேரம் தூங்கிவிட்டால் பின்னால் வந்தவர் முந்திக்கொள்வார். பகலில் கேபினுக்குள் உட்கார முடியாத அளவுக்குத் தகரம் கொதிக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, நல்லதுதான். எங்களிடம் இருப்பவை எல்லாம் அதற்குப் பல வருடம் முன்பு வந்த வண்டிகள். அதனால் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். வாய்க்கால் ஓரம் என்பதால் சாயங்காலம் ஆனால் கொசு மொய்க்கும். மழை வந்தால் எழுந்து, ஈரத்தில் வழுக்கும் மூட்டைகள் மேல் ஏறி, இருட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டுத்தான் முந்தைய மனுக்கள் யாரையும் தொடவில்லை போலிருக்கிறது. அந்தச் சாலையில் கழிப்பறை கிடையாது. கிடங்குக்கு உள்ளே இருப்பது ஊழியர்களுக்கு, வெளியே நிற்கும் ஓட்டுநரைக் காவலாளி உள்ளே விடுவதில்லை. சாலைக்கு ஒரு பக்கம் வாய்க்கால், பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் வருகிற படித்துறை. மறுபக்கம் வயல், அங்கேயும் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர்கள் ஒதுங்கினால் ஊர்க்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அவர்கள் இடத்தில் இருந்தால் நாங்களும் அதையேதான் செய்வோம். ஆனால் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்கிற மனிதன் எங்கே போவான்? விடியும் முன்னே இருட்டில் போனால் உண்டு, இல்லை என்றால் அன்று முழுக்க அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்று தாங்கள் ஒரு மருத்துவரைக் கேட்டாலே போதும். குடிக்கத்தான் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. காலிக் குடத்தோடு ஊருக்குள் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும்.

கேட்பது மாளிகை இல்லை ஐயா. ஒரு கூரை, இரண்டு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றும் அதே சட்டத்தில் சொன்னார்கள். ஆனால் அது ஐந்து தொழிலாளி அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களைத்தான் நினைத்து எழுதியது. ஒரு வண்டியும் ஒரு ஓட்டுநரும் வைத்திருப்பவர் சாலையில் எங்கே ஓய்வறை கட்டுவார்? நிறுத்தி வைப்பது கிடங்கு, நிற்கும் இடம் அரசுச் சாலை, ஏற்றியிருப்பது அரசு கொள்முதல் நெல். கழிப்பறை கட்டுவது யார் பொறுப்பு என்று நாங்கள் கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது.

4. எடைக் குறைவு. நெல்லை 17 சதவீத ஈரப்பதம் வரை கொள்முதல் செய்கிறார்கள். ஈரத்தோடு ஏற்றிய நெல் நாள்கணக்கில் வெயிலில் நின்றால் காயும், காய்ந்தால் எடை இறங்கும். இதற்கு யாரும் திருட வேண்டியதில்லை. ஈரம் 17-லிருந்து 16-க்கு வந்தாலே 10 டன் லோடில் சுமார் 120 கிலோ குறையும், அதாவது மூன்று மூட்டை. அந்த மூன்று மூட்டைக்கும் கணக்குக் கேட்பது ஓட்டுநரிடம். அவர் கூலியில்தான் பிடிக்கிறார்கள். மூன்று நாள் நிறுத்தி வைத்தது யார்? வெயிலில் காய வைத்தது யார்? நிற்க வைத்ததற்கு ஒரு ரூபாய் தரவில்லை, நின்றதால் குறைந்த எடைக்குக் காசு பிடிக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர்கள் காதுபடத் திருடன் என்ற பேச்சு வேறு. மானமுள்ள எவரும் அடுத்த சீசனுக்கு வருவாரா? தாங்களே சொல்லுங்கள்.

5. புதிய ஆட்கள் வரவில்லை. முன்பெல்லாம் ஒரு பையன் கிளீனராக ஏறுவான். பஞ்சர் ஒட்டவும், கயிறு கட்டவும், பின்னால் நின்று சைகை காட்டவும் கற்றுக்கொள்வான். காலி வண்டியைக் கிடங்குக்குள்ளேயே நகர்த்திப் பழகுவான். சில வருடத்தில் ஓட்டுநர் ஆகிவிடுவான். இப்போது கிளீனருக்குக் கூலி கொடுக்க நடைக் கூலியில் இடமில்லை, அந்தப் பையனும் இல்லை. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைய வேண்டும், அதற்குமுன் இலகுரக வாகன உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். விதி சரியானதுதான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் பயிற்சிச் செலவும் தாங்கக்கூடிய குடும்பம் பிள்ளையை லாரிக்கு அனுப்புவதில்லை. அனுப்பத் தயாராக இருக்கும் குடும்பத்தால் செலவு செய்ய முடிவதில்லை. லாரி ஓட்டுகிறான் என்றால் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-ல் எடுத்தார்கள், அப்போது ஆள் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. வாசலில் நிற்கும் அப்பாவையும் மாமாவையும் பார்த்து வளர்ந்த பிள்ளை எப்படி வரும்?

6. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை எப்போது களத்துக்கு வரும் என்று எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் நெல் குவிந்த பிறகுதான் ஓடுகிறார்கள். வெளிமாவட்ட லாரியை வரவழைக்கிறார்கள். அந்த ஓட்டுநர்களும் ஒரு முறை இந்த வாசலில் நின்றுவிட்டுப் போனால் திரும்ப வருவதில்லை.

7. கழிப்பறை ஐயா. கழிப்பறை.

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும். எத்தனையோ பேர் சொல்லச் சொல்ல எழுதியது. எங்கள் கோரிக்கைகளைக் கீழே சொல்கிறோம்.

அடுத்த அறுவடைக்கு முன்பு கிடங்கு வாசலில் ஒரு கூரை, கழிப்பறை, குடிநீர், விளக்கு. நிரந்தரக் கட்டடத்துக்கு நிதியும் ஒப்பந்தமும் நாளாகும் என்றால் சீசனுக்கு மட்டுமாவது நடமாடும் கழிப்பறை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். திருவிழாவுக்கு நிறுத்துகிறீர்கள், நெல்லுக்கு நிறுத்தக் கூடாதா? இடம் வேண்டும் என்றால் வாசலுக்கு எதிரே இருக்கும் புறம்போக்கைத் தாங்கள் ஒரு முறை பார்த்தால் போதும்.

வண்டி வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்து ஒரு டோக்கன் கொடுக்க வேண்டும். உள்ளே இறக்கும் வேகத்துக்கு ஏற்ப மட்டும் கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரியை விட வேண்டும். இன்று இத்தனை வண்டி இறக்கலாம் என்று கிடங்கு முன்கூட்டியே சொன்னால், மீதி வண்டிகள் ஊரிலேயே நிற்கும், ஓட்டுநர் வீட்டில் தூங்குவார். இதற்குக் காசு செலவே இல்லை, ஒரு போன் போதும்.

குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் காத்திருப்புப் படி கொடுக்க வேண்டும். அந்தத் தொகை ஒப்பந்தக்காரர் கையில் தங்கிவிடாமல் ஓட்டுநர் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். உரிமையாளர்களாகிய எங்கள் வழியாகக்கூட வேண்டாம், நேரே அவர்களுக்கே போகட்டும். டோக்கனில் உள்ள நேரத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம். காய்ந்து குறையும் எடைக்கு, ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஈரப்பதத்தைக் குறித்து, அதற்குத் தக்க விலக்கு தர வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கனரக வாகனப் பயிற்சியைத் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஏற்பாடு செய்ய வேண்டும். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பதிவு செய்ய, அறுவடை இல்லாத மாதத்தில் எங்கள் பகுதியிலேயே ஒரு முகாம் நடத்தினால், சேராமல் இருப்பவர்கள் சேர்வார்கள்.

இவை எல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கழிப்பறையும் தண்ணீரும் நடக்கும். தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள். அதைச் செய்துவிட்டால், வேலையை விட்டுப் போன ஓட்டுநர்களின் வீட்டுக்கு நாங்களே போய்க் கூப்பிடுவோம். கூப்பிடும் முகம் இப்போது எங்களுக்கு இல்லை.

இந்த மனுவும் வழக்கம்போல் "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி, எந்த அலுவலகத்தைப் பற்றி முறையிடுகிறோமோ அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டால் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தயவுசெய்து அப்படி அனுப்ப வேண்டாம். சம்பா அறுவடையின்போது ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், இரவு பத்து மணிக்கு மேல் தாங்கள் நேரில் அந்தச் சாலைக்கு வர வேண்டும். வரிசையில் நிற்கும் எந்த ஓட்டுநரையும் எழுப்பிக் கேளுங்கள். எங்கள் மனுவில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பு.

எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெல் லாரி ஓட்டுநர்கள், உரிமையாளர்கள், விவசாயிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், கிடங்குச் சாலையில் இரவில் எடுத்த புகைப்படங்கள்.